நாலு மணி ஜெபம்

போன மாதம் கோவிலில் உலக சமாதானத்துக்காக ஐந்து நிமிடம் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னார்கள். எங்கோ குண்டு போடுகிறார்கள், எங்கோ குழந்தைகள் சாகிறார்கள், அதற்காக. நீங்கள் எல்லாரும் மூடினீர்கள். நான் மூடவில்லை. இடமும் வலமும் பார்த்துக்கொண்டு, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் உங்களில் ஒருத்தி, இந்த வயதிலுமா உனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது என்று கேட்டாள். அவளிடம் அப்போது சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். நாம் எல்லாரும் ஒரே காலத்தில் பாவாடை கட்டி நடந்தவர்கள். உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது.

ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணம் காலியான அந்தக் கோடை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு ஒன்பது வயது. ஆவடிக்கும் கோவில்பதாகைக்கும் நடுவில், ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் தெரு. ஊர் தனி, எங்கள் தெரு தனி. நடுவில் ஒரு களம். தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த முப்பது குடும்பங்கள் நாங்கள். தெருக்கோடியில் ஓடு போட்ட சின்னக் கோவில். பகலில் அதுவேதான் பள்ளிக்கூடம். உபதேசியார் பகலில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், மற்ற நேரத்தில் ஜெபம் நடத்துவார். திருவிருந்து கொடுக்க மட்டும் மாதம் ஒருமுறை பூந்தமல்லிப் பக்கமிருந்து பாதிரியார் சைக்கிளில் வருவார், அவரை ஐயர் என்போம்.

அப்பாவுக்கு ரயில்வேயில் கேங் வேலை. தண்டவாளத்தில் சம்மட்டியும் கையுமாகவே அவரைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் சாலை போடும் பட்டாளத்தில் சேர்ந்து, சிங்கப்பூர் பக்கம் போயிருந்தான். அவனிடமிருந்து கடிதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கோடையில் ஒரு பொருள்கூட இருந்த இடத்தில் இருக்கவில்லை. பட்டணத்திலிருந்து வரும் ரயில்களின் ஜன்னல் வழியாகக் கால்கள் தெரியும். ரோட்டில் மாட்டு வண்டிகள் வரிசையாக மேற்கே போகும். ஒரு வண்டியில் ஆட்டுக்கல், அதன்மேல் ஒரு கிழவர், அவர் மடியில் கிளிக்கூண்டு. எதிர்ப்பக்கமிருந்து ராணுவ லாரிகள். பாதிப்பேர் வயலை ராணுவ முகாமுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நெல் விளைந்த இடத்தில் பெட்ரோல் வாசனை அடித்தது. லாரி போன பிறகு எழும்பும் புழுதி வேப்பம்பூவின் மேல் படிந்து, மரமெல்லாம் காவி நிறமாக நிற்கும். ராத்திரி விளக்கு ஏற்றக் கூடாது, பகலில் கூட்டம் கூடக் கூடாது, கூடினால் பதுங்கு குழி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தினமும் ஒரு புது உத்தரவு வரும். பெரியவர்கள் யாரும் ஒரு பேச்சை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனதாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஐயர் ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாச் சபைகளிலும் யுத்தம் நிற்க ஜெபிக்க வேண்டும். எங்கள் கோவில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. அப்பாதான் எப்போதோ கொண்டுவந்து மாட்டியது. அதை இனி விமானம் வந்தால் மட்டுமே அடிக்கலாம், ஜெபத்துக்கு அடிக்கக் கூடாது என்று கிராம முன்சீப் சொல்லிவிட்டார். ஆகவே நாலு மணிக்கு முன்னால் முப்பது வீட்டுக்கும் ஓடிப்போய் ஜெபத்துக்குக் கூப்பிடும் வேலை எனக்கு வந்தது. ஓடுவது எனக்குப் பிடிக்கும். உட்காருவதுதான் பிடிக்காது.

பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் உபதேசியார் ஒரு பெரிய சிலேட்டைத் தொங்கவிட்டிருந்தார். மரச்சட்டம் ஒரு மூலையில் விட்டுப்போய், சணலால் கட்டிய சிலேட். மேல்பாதியில் அடிபட்ட தேசங்களின் பெயர். போலந்து, சீனா, மலேயா என்று எனக்குப் பூகோளம் வந்தது அந்தச் சிலேட்டிலிருந்துதான். கீழ்ப்பாதியில் எங்கள் சபையிலிருந்து போனவர்களின் பெயர். ஒவ்வொன்றாகப் படித்து ஜெபிப்பார். அந்தச் சிலேட் பிற்பாடு என்ன ஆயிற்று என்று எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் ஜெபத்தின் நடுவே கிழவி ஒருத்தி சந்தேகம் கேட்டாள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் விமானம் வருவதை யார் பார்ப்பது என்று. உபதேசியார் சுற்றிலும் பார்த்தார். முழங்கால் மாற்றி முழங்கால் போட்டு நெளிந்துகொண்டிருந்த என்னைப் பிடித்து வாசற்படியில் நிறுத்தினார். நாங்கள் ஜெபிக்கும்போது நீ கண்ணை மூடாதே, வானத்தைப் பார்த்துக்கொண்டிரு, இதுவும் ஜெபம்தான் என்றார். எனக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் அதற்குப் பின் வாய்க்கவில்லை.

வானத்தில் என்ன இருக்கும், பருந்தும் வெயிலும்தான். அதனால் நான் உள்ளேதான் பார்த்தேன். ஜெபிக்கிறவர்களைக் கண் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தி மடியில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். உபதேசியார் ஒரு கண்ணைத் திறந்து யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணுவார். அம்மா வாய்விட்டு ஜெபித்து நான் கேட்டதே இல்லை. சிலேட்டில் அண்ணன் பெயர் வரும்போது மட்டும் அவள் கால் பெருவிரல் தரையை அழுத்தும். பெயர் தாண்டியதும் விட்டுவிடும்.

பட்டணத்திலிருந்து ஓடிவந்தவர்களில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் ஊர்ப்பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தது. வீட்டு ஐயா பட்டணத்தில் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகஸ்தர், தினமும் ரயிலில் போய் வந்தார். வீட்டில் இருந்தது அந்த அம்மாவும் என் வயதுப் பெண் ஒருத்தியும். சுற்றுவட்டாரத்தில் வேறு கோவில் இல்லாததால் எங்கள் கோவிலுக்குத்தான் வந்தாக வேண்டும். களத்தைத் தாண்டி, குடை பிடித்துக்கொண்டு, அந்த அம்மா தினமும் நாலு மணிக்கு வந்தார். எங்கள் பாயில் உட்காரவில்லை. வேலைக்காரன் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து முன்னால் போடுவான். யாராவது பக்கத்தில் நடந்தால் அவர் கை தானாகப் புடவையை ஒதுக்கிக்கொள்ளும். ஜெபத்தில் கண்ணை மூடியிருக்கும்போதுகூட ஒதுக்கிக்கொள்ளும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்களின் மூத்த பிள்ளை ரங்கூனில் உத்தியோகத்துக்குப் போனவன், யுத்தம் வந்ததும் அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டானாம். அவன் பெயர் சிலேட்டில் எல்லாவற்றுக்கும் மேலே ஏறியது. அண்ணன் ஒரு படி கீழே இறங்கினான். எனக்குக் கோபம். அம்மாவிடம் சொன்னேன். மேலே எழுதினால் என்ன, கீழே எழுதினால் என்ன, ஆண்டவருக்குப் படிக்கத் தெரியாதா என்று அவள் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வானத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றும் வராமல் எனக்கு அலுத்துப்போயிருந்த ஒரு நாள், வெள்ளானூர்ப் பக்கம் மேகத்துக்குள் ஏதோ மினுங்கியது. பிறகு சத்தம் கேட்டது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமா, கடைசியில் வந்துவிட்டதே என்ற சந்தோஷமா, இன்றும் எனக்குத் தெரியாது. ஓடிப்போய்த் தண்டவாளத் துண்டைக் கல்லால் அடிக்க ஆரம்பித்தேன்.

கோவில் கொல்லையில் எங்கள் தெரு ஆண்கள் வெட்டிய குழி இருந்தது. இடுப்பளவு ஆழம், பாம்பு போல வளைந்து போகும். அடியில் ஏரி ஊற்றின் ஈரம். எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். நாற்காலி கவிழ்ந்தது. பட்டணத்து அம்மா குழி விளிம்பில் வந்து ஒரு கணம் நின்றார். கீழே எங்கள் முகங்களைப் பார்த்தார். விமானச் சத்தம் நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் நடுவில் குதித்தார். அம்மாவின் மடிமேல்தான் வந்து விழுந்தார்.

ஈரமண் வாசனை, வியர்வை, யாரோ ஒரு குழந்தை பயத்தில் ஒன்றுக்குப் போன வாடை. பட்டணத்து அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துவிட்டது. தண்ணி, யாராவது தண்ணி குடுங்க என்றார். ஜெபத்துக்கு வரும்போது அம்மா எப்போதும் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவருவாள், எனக்கு ஓடி ஓடித் தாகம் எடுக்கும் என்று. அது அவள் கையில் இருந்தது. அவள் தயங்கினாள்.

“இது எங்க ஊட்டு சொம்புமா” என்றாள்.

“பரவால்ல, குடு.”

அண்ணாந்து குடிக்க அங்கே இடம் இல்லை. வாய் வைத்துத்தான் குடித்தார். குடித்துவிட்டு சொம்பைக் கொடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, உன் பிள்ளை எங்கே என்று அம்மாவைக் கேட்டார். தினமும் சிலேட்டில் தன் பிள்ளைக்கு அடுத்தபடி படிக்கப்படும் பெயர் யாருடையது என்று அதுவரை அவருக்குத் தெரியாது போலும். அம்மா சொன்னாள். கடிதம் வந்து ஏழு மாதம் ஆயிற்று என்றாள். எனக்கு ஐந்து மாதம் என்றார் அந்த அம்மா. சொம்பை விட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆண்டவரே, ரெண்டு பேரையும் காப்பாத்தும், ரெண்டு பேரையும் காப்பாத்தும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் கோவிலில் நடந்த ஜெபங்களிலேயே சின்னது அதுதான். சிலேட்டில் இருந்த தேசங்கள் ஒன்றும் அதில் வரவில்லை.

விமானம் நம்முடையதுதான். முகாமுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. எல்லாரும் மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தோம். பட்டணத்து அம்மா யாரையும் பார்க்காமல், நாற்காலியைக்கூட எடுக்காமல், களத்தைத் தாண்டிப் போனார். புடவை முதுகெல்லாம் சேறு. முன்சீப் வந்து என்னைத் திட்டினார். உபதேசியார் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அவள் வேலையை அவள் பார்த்தாள் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. ஐயர் வந்திருந்தார். எங்கள் கோவிலில் ஒரே பாத்திரம்தான். எல்லாரும் வரிசையாக முழங்காலிட்டு அதிலேயே திராட்சரசம் பருக வேண்டும். அன்றைக்கு மேசையில் வெள்ளைத் துணிக்குக் கீழே இரண்டு இருந்தன. ஒன்று எங்களுடையது. இன்னொன்று சின்ன வெள்ளிக் கிண்ணம். பட்டணத்து ஐயா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. முதலில் அந்த ஐயாவும் அம்மாவும் போய் அதில் பருகினார்கள். பிறகு ஐயர் அதைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் பாத்திரத்தை எடுத்து எங்களைக் கூப்பிட்டார்.

எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு அந்த உத்தியோகம் உண்டு.

“அன்னிக்குக் குழில எங்கம்மா சொம்புல வாய வச்சிக் குடிச்சாங்களே” என்று கத்தினேன். “இன்னிக்கு இன்னாத்துக்கு வேற கிண்ணம்?”

பட்டணத்து ஐயா மெதுவாகத் திரும்பித் தம் மனைவியைப் பார்த்தார். அவருக்கு அது அதுவரை தெரியாது. அந்த அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அம்மா எழுந்து வந்து என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று அவள் திருவிருந்து எடுக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஐயர் வந்து அப்பாவிடம் பேசினார். யுத்தகாலம், சபையில் சமாதானம் இருக்கட்டும் என்றுதான் அதற்கு ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். அவர்கள் இங்கே இருக்கப்போவது கொஞ்ச காலம்தானே என்றார். நல்ல மனிதர். எங்கள் தெருவில் அம்மை கண்டபோது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்தவர். அவர் சொன்ன சமாதானம் என்ற வார்த்தைக்கும் நாங்கள் தினமும் நாலு மணிக்குக் கேட்ட சமாதானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை. அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அம்மா தோத்திரம் சொல்லி அவரை வழியனுப்பினாள். அவள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

மறுநாள் முதல் பட்டணத்து அம்மா ஜெபத்துக்கு வருவது நின்றுவிட்டது. நாற்காலியும் வரவில்லை. நான் ஊர்ப்பக்கம் ஓடிப்போய்க் கூப்பிட்டால் அந்தப் பெண் ஜன்னலில் நின்று என்னைப் பார்ப்பாள். கதவு திறக்காது. பெருமை என்றார்கள் பெண்கள். ஒரு சின்னப்பெண் சொன்ன சொல்லைத் தாங்க முடியவில்லை என்றார்கள். உபதேசியார் அந்த வார ஜெபத்தில், பெருமையுள்ள இருதயங்களை நொறுக்கி உம்மிடம் திருப்பும் ஆண்டவரே என்று சேர்த்துக்கொண்டார். யாருடைய இருதயம் என்று எல்லாருக்கும் தெரியும். எப்போதையும்விடச் சத்தமாக ஆமென் வந்தது. நானும் வாசலிலிருந்து சொன்னேன்.

தந்தி வந்தது இதற்குப் பத்து நாள் கழித்து. தபால்காரர் அதை அம்மாவிடம் நீட்டி, பட்டாளத்துத் தந்தி என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். இங்கிலீஷ். அப்பா தண்டவாளத்தில் எங்கே இருக்கிறாரோ தெரியாது. உபதேசியாருக்குத் தமிழ் மட்டும்தான். அம்மா அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தம்மாகிட்ட ஓடு” என்றாள். “அவங்களுக்குத்தான் தெரியும். திட்டினாங்கன்னா திட்டு வாங்கிக்கோ.”

நான் களத்தைத் தாண்டி ஓடினேன். இந்தத் தடவை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாவே திறந்தார். பத்து நாளில் ஆள் பாதியாகியிருந்தார். தலை வாரவில்லை. என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் பின்னால் ஓர் அடி வைத்தார், பாம்பைப் பார்த்தவர் மாதிரி. வாங்கிப் படித்தார். படித்துவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்து உள்ளங்கையில் இறுக்கினார். கோவிலில் நான் சொன்னதற்கு இப்போது அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“நீ முன்னாடி நட. நானே வந்து சொல்றேன்” என்றார்.

குடை இல்லாமல், செருப்பு இல்லாமல், அந்த வெயிலில் என் பின்னால் வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் வாசல் வாசலாக எழுந்து நின்றார்கள். எங்கள் வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“உன் பிள்ளை இருக்கான்” என்றார். “பிடிச்சு வச்சிருக்காங்களாம். சண்டை முடிஞ்சதும் விட்டுடுவாங்க.”

“மெய்யாலுமாம்மா?”

“இதுல அப்படித்தான் போட்டிருக்கு.”

அம்மா அப்படியே குனிந்து அந்த அம்மாவின் மடியில் நெற்றியை வைத்து அழுதாள். அந்த அம்மா அழவில்லை. அம்மாவின் தலைமேல் கையை வைத்தார். வெயிலில் நடந்துவந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று அம்மா கேட்கவில்லை. என்னால் வந்த பயம் அது. அவரும் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் பட்டணத்தில் பயம் கொஞ்சம் தெளிந்தது என்று வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்கள். அவர்களும் போனார்கள். நாங்கள் மறுபடி அவர்களைப் பார்க்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஐயர் வந்திருந்தபோது சொன்னார். அந்தத் திருவிருந்துக்கு மறுநாளே அவர்கள் பிள்ளை செத்துப்போன தந்தி வந்துவிட்டதாம். யாரும் துக்கம் கேட்டு வர வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்களாம். உபதேசியார் கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று எழுந்து கோவிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நொறுக்கும் ஆண்டவரே என்று அவர் கேட்டதும், நாங்கள் ஆமென் சொன்னதும், அந்த வீட்டில் அது நொறுங்கிக் கிடந்த வாரத்தில்தான்.

தந்தியை அம்மா வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள். மறுநாள் அப்பா அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார், ஸ்டேஷன் மாஸ்டரிடம் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்க. திரும்பி வந்து, அந்த அம்மா சொன்னதுதான் என்று சொல்லி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் நாலு மணி ஜெபத்துக்கு வருவதை விட்டுவிட்டார். வேலை இல்லாத நாளிலும் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். நம்பிக்கை குறைந்துவிட்டது என்று உபதேசியாரே வருத்தப்பட்டார். அம்மாவுக்கோ ஏறியது. நடவு நட்டாள், களை எடுத்தாள், சிரித்தாள். கைதியாக இருக்கிற பிள்ளைக்குக் குளிருமோ என்று ஒரு கம்பளிகூட வாங்கி வைத்தாள்.

நான் பூந்தமல்லிப் பக்கத்தில் மிஷன் பள்ளியில் விடுதியில் சேர்ந்து, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தேன். யுத்தம் முடிந்தது. விடுமுறைக்கு வந்தபோது, ஆவடி ஸ்டேஷனில் பட்டாளத்து ரயில்கள் வந்து நின்றுகொண்டிருந்தன. அம்மா தினமும் ஒரு தகர டப்பாவில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் நிற்பாள். இறங்கும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். சாயங்காலம் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, எங்களுக்குப் போடுவாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது, எனக்கு இருப்புக் கொள்ளாமல் வேதப் புத்தகத்தைப் புரட்டினேன். தந்தி மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. கொஞ்சம் வார்த்தைகள்தான். முதல் வார்த்தை காணவில்லை என்பது. அடுத்தது எனக்குப் பள்ளி ஜெபத்தில் பாடம். விசுவாசிக்கிறேன் என்று தினமும் சொல்லும் வார்த்தை. அதற்கு அடுத்தது கொல்லப்பட்டது என்பது. மூன்றையும் சேர்த்துப் படிக்க எனக்கு நேரமாயிற்று. காணவில்லை, கொல்லப்பட்டதாக நம்பப்படுகிறது. கைதி என்ற வார்த்தையே அதில் இல்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குப் பன்னிரண்டு வயது. பொய் சொன்னவர்கள்மேல் எரிச்சல். சொல்லிவிட்டேன். அந்தம்மா நம்மை ஏமாற்றிவிட்டாள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அடுப்புச் சாம்பலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் பேசினாள்.

“மூணு வருசம் எனக்குப் புள்ள இருந்தான்டி. அவ குடுத்தது.” டப்பா மூடியை அழுத்தி மூடினாள். “அவளுக்கு வந்த காயிதத்த அவளேதான் படிச்சிருப்பா. இங்கிலீசு தெரியாதவளா இருந்திருந்தா, அவளுக்கும் எவளாவது பொய் சொல்லியிருப்பா.”

எழுந்து டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். எங்கே என்று கேட்டேன். ரயில் வந்துவிடும் என்றாள். நானும் பின்னால் ஓடினேன்.

அன்றைய வண்டியில் வடக்கத்திப் பட்டாளத்தான் ஒருவன் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒட்டிய கன்னம், ஒரு கையில் கட்டு. அம்மா நேராக அவனிடம் போய் டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவனுக்கு நம் பாஷை தெரியாது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான், சோற்றைப் பார்த்தான். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். கருவாட்டு முள்ளை ஓரமாக அடுக்கி வைத்தான். அவன் முடிக்கும்வரை அம்மா ஈ ஓட்டிக்கொண்டு நின்றாள். டப்பாவைக் குழாயில் கழுவிக்கொண்டு இருவரும் தண்டவாள ஓரமாகவே வீட்டுக்கு நடந்தோம்.

வழியில் அப்பா வேலை செய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சம்மட்டியைத் தரையில் ஊன்றினார். தினமும் கனத்துத் திரும்பும் டப்பாவை அம்மாவின் கையிலிருந்து வாங்கினார். தூக்கிப் பார்த்தார். காலி. அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். அப்பா அந்தச் சரளைக் கல்மேலேயே உட்கார்ந்து, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்குச் சரியாகத்தான் படித்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டணத்து அம்மா சொன்ன பொய்யை அப்பா மூன்று வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறார். வராதவனை வரவழைக்கும்படி ஜெபத்தில் உட்கார்ந்து கேட்க அவரால் முடியவில்லை.

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். அதுவரை நான் கேட்டிராத அவள் ஜெபக் குரலை அன்றுதான் கேட்டேன். சண்டை போடுகிறவள் மாதிரி இருந்தது. முதலில் பட்டணத்து அம்மாவின் பிள்ளையைச் சொன்னாள். அப்புறம் அண்ணனை. அப்புறம் அந்த அம்மாவுக்கு ராத்திரியில் தூக்கம் கொடு என்று கேட்டாள். சரளைக் கல் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினாள்.

“இவனுங்களச் சுட்டவன் எவனோ” என்றாள், “அவனும் அவங்காத்தாகிட்ட போய்ச் சேரட்டும் ஆண்டவரே.”

அப்பா அதற்கு ஆமென் சொல்லவில்லை. அவருக்கு அதைச் சொல்ல அதற்குப் பிறகும் பல வருஷம் ஆயிற்று.